ஜனாதிபதி ‘நம்ம ஆளா’ என்று கேட்பதை நிறுத்துவோம்



திரௌபதி முர்முவின் பதவிக்காலம் 2027 ஜூலை 24-ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குள் அடுத்த ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். சித்தூர் கிரானைட் பட்டறைகளிலும், மாங்கூழ் ஆலைகளின் வாசலிலும், திருப்பதி ஓட்டல்களின் பின்கட்டிலும் நம்மவர்களிடையே ஒரே கேள்விதான் அடிபடுகிறது: ‘இந்தத் தடவை நம்ம ஆளு வருவாரா?’

திருப்பூர்க்காரரான சி.பி. ராதாகிருஷ்ணன் 2025 செப்டம்பரில் துணை ஜனாதிபதி ஆனதிலிருந்து இந்தக் கேள்விக்குச் சூடு ஏறியிருக்கிறது. துணை ஜனாதிபதி மேலே ஏறுவது புதிதும் அல்ல. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், ஜாகீர் உசேன், வி.வி. கிரி, ஆர். வெங்கட்ராமன், சங்கர் தயாள் சர்மா, கே.ஆர். நாராயணன் என ஆறு பேர் அந்த ஏணியில் ஏறியவர்கள்தான். ஆனால் 1997-க்குப் பின் அந்த ஏணியில் ஒருவரும் ஏறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

யார் வருவார் என்று ஜோசியம் பார்க்க நாம் இதை எழுதவில்லை. கேள்வியே தவறு என்று சொல்லத்தான் எழுதுகிறோம்.

2025 செப்டம்பர் 9-ஆம் தேதி நடந்ததை நினைத்துப் பாருங்கள். துணை ஜனாதிபதி பதவிக்கு ஒரு பக்கம் தமிழர் சி.பி. ராதாகிருஷ்ணன். மறுபக்கம் தெலுங்கர், உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி சுதர்சன் ரெட்டி. ‘தமிழனைப் பார்த்து ஓட்டுப் போடு’ என்று சென்னையில் குரல் எழுந்தது. ‘தெலுங்கனைப் பார்த்து ஓட்டுப் போடு’ என்று ஐதராபாத்தில் குரல் எழுந்தது. நடந்தது என்ன? தி.மு.க. தெலுங்கரை ஆதரித்தது. ஆந்திராவின் தெலுங்கு தேசமும் ஜனசேனாவும் தமிழரை ஆதரித்தன. எந்தக் கூட்டணியிலும் இல்லை என்று மார்தட்டும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸும் அதே தமிழரைத்தான் ஆதரித்தது! 452-க்கு 300 என்று முடிவு வந்தது.

மொழி பார்க்காமல் ஓட்டளித்தது குற்றம் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர்கள் மொழி பார்ப்பதில்லை. நம்மை மட்டும் மொழி பார்த்துக் கைதட்டச் சொல்கிறார்கள். அதுதான் நமக்கு எரிச்சல்.

‘நம்மவர்கள்’ இருந்தபோது

மாளிகையில் நம்மவர் இருந்ததே இல்லையா? இருந்தார்கள். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888-இல் திருத்தணியில் பிறந்தவர், திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியில் படித்தவர். திருத்தணி 1960-இல் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது, சித்தூர் ஆந்திராவில் நின்றது. ஆகவே அவரைத் தமிழரும் தெலுங்கரும் இன்றும் பங்கு போட்டுக்கொள்கிறோம். அவர் ஜனாதிபதியாக இருந்த காலத்தில்தான், 1964 அக்டோபர் 30-ஆம் தேதி, சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் மூன்று தலைமுறை வியர்வை சிந்திய தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆடுமாடு பிரிப்பது போலப் பிரித்தார்கள். போகப் போகிறவனை ஒருவரும் கேட்கவில்லை.

‘அதை மந்திரிசபை செய்தது, ஜனாதிபதி என்ன செய்வார்?’ என்பீர்கள். நாமும் அதைத்தான் சொல்கிறோம். அவர் திருத்தணிக்காரர் என்பது ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருந்த ஒரு குடும்பத்துக்காவது உதவியதா?

சரி, ஊரும் மொழியும் வேண்டாம், தொழிலாளியின் ஆள் வந்தால் போதும் என்று சில தோழர்கள் வாதிடுகிறார்கள். அப்படி வந்தவர் கிரி. பெங்கால் நாகபுரி ரயில்வே தொழிலாளர்களைத் திரட்டியவர். அகில இந்திய ரயில்வே தொழிலாளர் சம்மேளனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். நேரு மந்திரிசபையில் தொழில் மந்திரியாக இருந்து, வங்கி ஊழியர்களுக்குக் கிடைத்த தீர்ப்பில் சர்க்கார் கை வைத்தபோது 1954-இல் பதவியை வீசிவிட்டு வந்தவர். 1969-இல் அவர் காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டியை எதிர்த்து நின்றார். தி.மு.க.வும் இடதுசாரிகளும் அவர் பக்கம் நின்றார்கள். இரண்டாவது விருப்ப ஓட்டுகளையும் எண்ணிய பிறகுதான் 4,20,077-க்கு 4,05,427 என்று அவர் கரையேறினார். தொழிற்சங்கத்துக்காரர் நாட்டின் முதல் குடிமகன் ஆனார் என்று தொழிற்பேட்டைகளில் மிட்டாய் கொடுக்காத சங்கம் இருந்திருக்குமா!

1974 மே 8-ஆம் தேதி ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. இந்த நாடு கண்ட மிகப் பெரிய வேலைநிறுத்தம் அது. தலைவர்களை முன்னதாகவே பிடித்து உள்ளே போட்டார்கள். ஆயிரக்கணக்கில் வேலை நீக்கம். ரயில்வே குடியிருப்புகளிலிருந்து குடும்பங்களைத் தெருவில் தள்ளினார்கள். மே 27-ஆம் தேதி வேலைநிறுத்தம் முறிந்தது. அந்த இருபது நாளும் ஜனாதிபதி மாளிகையில் இருந்தவர் யார்? ரயில்வே சங்கத்தைக் கட்டிய அதே கிரி. 1954-இல் ராஜிநாமா செய்த கை 1974-இல் அசையவில்லை. மனிதன் மாறிவிட்டானா, நாற்காலி மாற்றியதா என்று தெருமுனையில் இன்னும் விவாதிக்கலாம். வேலை இழந்த குடும்பத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

வெங்கட்ராமனும் தொழிலாளர் சட்டம் படித்தவர்தான், அதற்கென்றே பத்திரிகை நடத்தியவர். பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்துக்காரர். 1991 ஜனவரி 30-ஆம் தேதி தமிழ்நாட்டு மந்திரிசபையைக் கலைக்கும் உத்தரவில் கையெழுத்திட்டவர் அவரே. கவர்னர் பர்னாலா அறிக்கை தர மறுத்த பிறகும் கையெழுத்து விழுந்தது. 1987-இல் அவரை எதிர்த்து நின்றவர் நீதிபதி கிருஷ்ணய்யர். பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கில் 1978-இல், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் முதலிய இடங்களில் உழைப்பவனும் தொழிலாளியே, அவனுக்கும் தொழில் தகராறுச் சட்டத்தின் காப்பு உண்டு என்று தீர்ப்பு எழுதியவர். அவருக்குக் கிடைத்தது 2,81,550, வெங்கட்ராமனுக்கு 7,40,148.

2002: நாம் மறந்துபோன வேட்பாளர்

இதைச் சொல்லும்போது சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். அப்துல் கலாமை நாம் பழிக்கவில்லை. ராமேஸ்வரத்துப் படகுக்காரக் குடும்பத்துப் பிள்ளை அங்கே போய் அமர்ந்ததில் நமக்கும் பெருமைதான். ஆனால் 2002-இல் அவரை எதிர்த்து நின்றவர் யார் என்று நம் பிள்ளைகளைக் கேளுங்கள். பத்துப் பேரில் ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம்.

கேப்டன் லட்சுமி. 1914-இல் சென்னையில் பிறந்து சென்னையிலேயே டாக்டருக்குப் படித்தவர். 1940-இல் சிங்கப்பூருக்குப் போனவர், அங்கே பணக்காரருக்கு ஊசி போட்டுச் சம்பாதித்திருக்கலாம். பிழைக்கப் போன இந்தியக் கூலித் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1943-இல் நேதாஜியின் ராணுவத்தில் ஜான்சி ராணி படையைத் தலைமை தாங்கி நடத்தினார். அந்தப் படையில் சேர்ந்த பெண்களில் பெரும்பகுதி யார்? மலேயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வடித்த தமிழ்த் தொழிலாளர் வீட்டுப் பெண்கள்! கங்காணியின் பிரம்புக்கு முதுகு காட்டிய குடும்பத்துப் பெண் துப்பாக்கி பிடிக்கக் கற்றது அங்கேதான். பிறகு கான்பூரில் வயோதிகம் வரை ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர், 87 வயதில் இடதுசாரிகளின் வேட்பாளராக நின்றார்.

புலம்பெயர்ந்த தொழிலாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்த ஒரு கை அந்த மாளிகைக்கு வருவதற்கு இருந்த ஒரே வாய்ப்பு அது. இருவருமே தமிழ்நாட்டில் பிறந்தவர்கள் என்பதால் ‘நம்ம ஆளு’ என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போன தேர்தல் அது. தி.மு.க., அ.தி.மு.க., காங்கிரஸ், பா.ஜ.க., தெலுங்கு தேசம், எல்லாம் ஒரே பக்கம். கலாமுக்கு 9,22,884, லட்சுமிக்கு 1,07,366. தோற்றது கூட வருத்தமில்லை. நம் சங்கங்களே அன்று அந்த அம்மையாருக்காக ஒரு கூட்டம் போடவில்லையே!

பேனாவைப் பாருங்கள்

‘ஜனாதிபதி என்றால் ரப்பர் ஸ்டாம்பு. எவன் வந்தால் நமக்கென்ன, நாளைக்கு வேலைக்குப் போனால்தான் கூலி’ என்று சொல்லும் தோழர்களும் இருக்கிறார்கள். இவர்கள் முதல் கூட்டத்தாரைவிட ஆபத்தானவர்கள் என்பது நம் கருத்து. ஏனென்றால் இவர்கள் சொல்வதில் முக்கால் பங்கு உண்மை இருக்கிறது.

மீதிக் கால் பங்கைக் கவனியுங்கள். மந்திரிசபை சொல்வதை ஜனாதிபதி கேட்டே ஆக வேண்டும் என்று 1976-இல் 42-ஆவது திருத்தம் கட்டிப் போட்டது. 1978-இல் வந்த 44-ஆவது திருத்தம் அந்தக் கட்டில் ஒரு முடிச்சைத் தளர்த்தியது: ‘மறுபடி யோசியுங்கள்’ என்று ஒரு முறை திருப்பி அனுப்பலாம். பார்லிமெண்ட் நிறைவேற்றிய மசோதாவையும், அது பண மசோதாவாகவோ அரசியல் சட்டத் திருத்தமாகவோ இல்லாதவரை, ஒரு முறை திருப்பலாம். இந்த ஒரு முறை என்பது சின்ன விஷயமா? 1997-இல் உத்தரப் பிரதேச சர்க்காரைக் கலைக்கச் சொன்ன பரிந்துரையை கே.ஆர். நாராயணன் திருப்பினார், மந்திரிசபை வாலைச் சுருட்டிக்கொண்டது. 1998-இல் பீகார் விஷயத்திலும் திருப்பினார். கலாமும் ஆதாயப் பதவி மசோதாவை 2006-இல் திருப்பியவர்தான். ஆனால் அதற்கு முந்திய ஆண்டு மாஸ்கோவில் இருந்தபடி நள்ளிரவில் பீகார் சட்டசபையைக் கலைக்கும் உத்தரவில் ஒப்பமிட்டார். அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. ஒரே மனிதரின் ஒரே பேனாதான்.

நமக்கு நேராக விழுந்த இரண்டு கையெழுத்துகளைச் சொல்கிறோம். மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர் சட்டத்துக்கு 1979 ஜூன் 11-ஆம் தேதி ஒப்புதல் கிடைத்தது. அப்போதைய ஜனாதிபதி நம் பக்கத்து அனந்தபூர் ஜில்லாவின் சஞ்சீவ ரெட்டி. ஒரிசாவிலிருந்து மேஸ்திரிகள் ஓட்டிக்கொண்டு போன ‘தாதன்’ தொழிலாளர்களின் கண்ணீரிலிருந்து பிறந்த சட்டம் அது. ஐந்து பேர் இருந்தாலே சட்டம் பாயும். மேஸ்திரிக்கு லைசென்ஸ் வேண்டும். தொழிலாளிக்குப் படம் ஒட்டிய பாஸ் புத்தகம் வேண்டும். ஊரை விட்டு வந்ததற்காக மாதக் கூலியில் பாதி அல்லது 75 ரூபாய், இதில் எது அதிகமோ அது இடப்பெயர்வுப் படியாகத் தர வேண்டும். போக வரச் செலவு, தங்குமிடம், வைத்தியம் எல்லாம் அதில் உண்டு. எத்தனை மேஸ்திரி கொடுத்தான் என்று கேட்காதீர்கள், ஏட்டிலாவது இருந்தது. வழக்குப் போட ஒரு காகிதம் இருந்தது.

2020-இல் கொரோனா வந்தது. நம்மைப் போன்றவர்கள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் நடந்தார்கள். வழியில் செத்த புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர் என்று செப்டம்பரில் பார்லிமெண்டில் கேட்டதற்கு, கணக்கு இல்லை என்று சர்க்கார் பதில் தந்தது. அதே கூட்டத்தொடரில், எதிர்க்கட்சிகள் வெளியேறிய சபையில், தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நிறைவேறின. 1979 சட்டத்தை விழுங்கிய தொகுப்பும் அதில் ஒன்று. ராஜ்ய சபையில் செப்டம்பர் 23. ராம்நாத் கோவிந்தின் ஒப்புதல் செப்டம்பர் 28. ஐந்தே நாள்! ஐந்து பேர் என்றிருந்தது பத்துப் பேர் ஆயிற்று. இடப்பெயர்வுப் படி காணாமற்போயிற்று. மேஸ்திரி இல்லாமல் தானாக வந்தவனுக்கும் மாதம் 18,000 ரூபாய் வரை சட்டம் பொருந்தும் என்று ஒரு நல்லதும் சேர்ந்தது, அதை மறைக்க மாட்டோம். 2025 நவம்பர் 21 முதல் அது அமலுக்கு வந்தது.

கோவிந்தும் கூரை வீட்டிலிருந்து வந்தவர்தான். திருப்பி அனுப்பியிருந்தால் சட்டம் நின்றுவிட்டிருக்குமா? நின்றிருக்காது, மறுபடி நிறைவேற்றிக் கொண்டுவந்து நீட்டியிருப்பார்கள். ஆனால் ஒரு மாதமாவது நாடு அதைப் பற்றிப் பேசியிருக்கும். நெடுஞ்சாலையில் நடந்தவனுக்கு அந்த ஒரு மாதம் கூடக் கிடைக்கவில்லை.

வரக்கூடியவர்கள்

முர்மு மறுபடி வரலாம். ராஜேந்திர பிரசாத்துக்குப் பின் எவரும் இரண்டாம் முறை வரவில்லை என்றாலும் சட்டம் தடுக்கவில்லை. இவரைப் பற்றி எழுதும்போது நமக்கு மனம் கனக்கிறது. ஜார்க்கண்ட் கவர்னராக இருந்தபோது, ஆதிவாசிகளின் நிலத்துக்கு உள்ள காப்பைத் தளர்த்தும் மசோதாக்களை 2017-இல் திருப்பி அனுப்பியவர் அவர். மசோதா கொண்டுவந்தது அவருடைய பழைய கட்சியின் சர்க்கார்தான். ஆதிவாசிகள் தெருவில் நின்றார்கள், கவர்னர் திருப்பினார். அதே கை, நூறு நாள் வேலைச் சட்டத்தை ஒழித்துவிட்டு வந்த புதிய சட்டத்துக்கு 2025 டிசம்பர் 21-ஆம் தேதி ஒப்புதல் தந்தது. பார்லிமெண்டில் நிறைவேறி மூன்றாம் நாள்! நாளை 125 என்று ஏற்றிக் காட்டி, செலவில் நூற்றுக்கு நாற்பதைப் பெரும்பாலான மாநிலங்களின் தலையில் கட்டி, விதைப்பு அறுவடைக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தவும் வழி வைத்திருக்கும் சட்டம். நாம் இங்கே கல் உடைக்கும்போது ஊரில் நம் தாயார் பிழைத்தது அந்த வேலையில் அல்லவா?

சி.பி. ராதாகிருஷ்ணன் வந்தால்? கோவையில் இருமுறை எம்.பி., பிறகு கயிறு வாரியத் தலைவர், ஜார்க்கண்டிலும் மகாராஷ்டிரத்திலும் கவர்னர். அவருடைய திருப்பூர் பனியன் பட்டறைகளில் இன்று ஒடிசாக்காரரும் பீகார்க்காரரும் படும் பாடு, சித்தூரில் நாம் படும் பாடேதான். அவர்களுக்காக அவர் வாய் திறந்தால் நாம் மாலை வாங்கிக்கொண்டு போவோம். தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்தால் மட்டும் போதாது.

எதிர்க்கட்சிகளோ 2022-இல் பவார், பரூக் அப்துல்லா, கோபாலகிருஷ்ண காந்தி என்று மூன்று கதவைத் தட்டி, மூவரும் மறுத்த பின், பா.ஜ.க.வின் பழைய நிதி மந்திரி யஷ்வந்த் சின்காவிடம் போய் நின்றார்கள். 2025-இல் சுதர்சன் ரெட்டியைக் கொண்டுவந்தது நல்ல தேர்வு. ஆதிவாசி இளைஞர்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்து ஏவிவிட்ட ‘சல்வா ஜுடும்’ முறை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2011-இல் தீர்ப்பளித்தவர் அவர். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி இதே சந்திரகிரி பக்கத்துச் சேஷாசலம் காட்டில் நம் ஜவ்வாது மலைக்காரர்கள் உட்பட 20 தமிழ்த் தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டதை மறக்காத நமக்கு அப்படிப்பட்ட நீதிபதியின் அருமை தெரியும். 2027 ஜூலையில் அவருக்கு 81 வயது. அவரே நிற்க வேண்டும் என்பதில்லை, அந்தத் தரம் வேண்டும். ஆனால் ஒன்று கேட்கிறோம்: தோற்கப் போகும் தேர்தலில் மட்டும்தானா இப்படிப்பட்டவர்களைத் தேடுவீர்கள்? எண்ணிக்கை கையில் இருந்த 2007-இல் பிரதிபா பாட்டீல், 2012-இல் பிரணாப் முகர்ஜி. தி.மு.க.வும் இருமுறையும் கைதூக்கியது.

நம் கையில் இருப்பது

நாம் நேராக ஓட்டுப் போட முடியாது. எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும் போடுகிறார்கள். ஆந்திர எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டுக்கு மதிப்பு 159, தமிழ்நாட்டில் 176, உத்தரப் பிரதேசத்தில் 208. இது எப்படி வந்தது தெரியுமா? 1971-ஆம் ஆண்டு ஜனத்தொகையை எம்.எல்.ஏ. எண்ணிக்கையால் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுத்து வந்தது. 2026-க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வெளியாகும் வரை இதுவே கணக்கு. ஆகவே 1971-க்குப் பின் இங்கே வந்த குடும்பம், ஜனாதிபதித் தேர்தல் கணக்கில் இன்னும் குடியாத்தத்திலோ ஆரணியிலோதான் உட்கார்ந்திருக்கிறது! இங்கே பிறந்த பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் இல்லை.

உயிரோடிருக்கும் நம் ஓட்டோ ஊரிலும் நிற்பதில்லை. 2025 டிசம்பர் 19-ஆம் தேதி வந்த தமிழ்நாட்டு வரைவு வாக்காளர் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர் இல்லை. அதில் 66 லட்சத்துக்கு மேல் ‘இடம் பெயர்ந்தவர், இல்லாதவர்’ என்று அடிக்கப்பட்டவை. அதிகாரி கதவைத் தட்டிய நாளில் செங்கல் சூளையில் இருந்தவன் இல்லாதவன் ஆகிவிட்டான்.

பழைய சித்தூர் ஜில்லாவில் 14 தொகுதிகள். பதினான்கை 159-ஆல் பெருக்கினால் 2,226. 2022-இல் மொத்தம் 10,86,431 என்ற கடலில் இது ஒரு குடம்தான். ஆனால் அந்த ஆண்டு ஆந்திராவில் விழுந்த ஓட்டு அத்தனையும் முர்முவுக்கு, சின்காவுக்குப் பூஜ்யம். ஊரில் கொடிக்கம்பத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ளும் இரண்டு கட்சிகளும் டில்லி ஓட்டில் ஒரே பெட்டி. சித்தூர் எம்.பி. ஒரு கட்சி, திருப்பதி எம்.பி. வேறு கட்சி என்பதால் நமக்கு என்ன வித்தியாசம் ஏற்பட்டது? இவர்களிடம் ஒரு கேள்வி கூட வராததால்தான் இவர்களுக்கு இந்தத் துணிச்சல்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜனாதிபதித் தேர்தலில் கட்சிக் கொறடா உத்தரவு போட முடியாது. ஓட்டு ரகசியமானது. கட்சி மாற்றிப் போட்டாலும் பதவி போகாது. ‘மேலிடம் சொல்லிற்று’ என்று எந்த எம்.எல்.ஏ.வும் நம்மிடம் தப்பிக்க முடியாது.

நகரி, சத்தியவேடு, குப்பம், பலமநேர், சித்தூர், புத்தலப்பட்டு, கங்காதர நெல்லூர், சந்திரகிரி, திருப்பதி, காளஹஸ்தி முதலிய எல்லாத் தொகுதிகளிலும் உள்ள நம் கிளைகள் ஒரு மனுவைத் தெலுங்கில் எழுதி எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்க வேண்டும். குப்பத்துக் கிளைக்குப் பொறுப்பு அதிகம், அங்கே எம்.எல்.ஏ. முதல் மந்திரி. நீங்கள் ஆதரிக்கும் வேட்பாளர் எந்தக் காகிதத்தையாவது எப்போதாவது திருப்பி அனுப்பியது உண்டா? இடப்பெயர்வுப் படியை எடுத்துவிட்ட சட்டத்தைப் பற்றி அவர் என்ன சொன்னார்? சேஷாசலத்தைப் பற்றி அவர் வாய் திறந்தாரா? இந்த மூன்றைக் கேட்டால் போதும். ‘அவர் தமிழரா’ என்பதை எழுத வேண்டாம்.

வரும் பதில்களை எம்.எல்.ஏ. பெயரோடு இந்த இதழில் அச்சிடுவோம். பதில் தராதவர் பெயருக்கு நேரே இடத்தைக் காலியாக விடுவோம்.